60 கிலோ மலை வீரரை டூரின் கல் பாதையில் எப்படிக் கரைசேர்ப்பது?

சங்கிலிச்சக்கரம் கேட்டது:

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வடக்குப் பிரான்ஸின் கல் பாவிய பாதைகளைச் சேர்க்கும்போதெல்லாம் ஒரே சண்டை: மூன்று வாரப் பந்தயத்துக்கு இது தேவையா, இல்லையா? அந்தச் சண்டை இங்கே வேண்டாம். என் கேள்வி வேறு.

கல் பாதைகளுக்கே பேர்போன ஒருநாள் பந்தயமான பாரிஸ்–ரூபேக்கு வருகிறவர் அந்த ஒரு நாளுக்காகவே வருகிறார். 75, 80 கிலோ உடம்பு, கல்லுக்கென்றே பூட்டிய பைக், விழுந்தாலும் மறுநாள் படுத்துக்கொள்ளலாம். டூரில் அதே கல்லில் போக வேண்டியவர் 60 கிலோ மலை வீரர், அதாவது மலை ஏறுவதில் வல்லவர். விழுந்து எழுந்தால் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், 155 கி.மீ., 11 செக்டர் (கல் பாவிய துண்டுகள்), கல் மட்டும் 20 கி.மீ. நீங்கள் அந்த அணியின் மெக்கானிக் என்றால் எதை மாற்றுவீர்கள், எதைத் தொடவே மாட்டீர்கள்? நேரம் உண்மையில் பறிபோவது டயரிலா, கைத்திறனிலா, இடம் பிடிப்பதிலா?

---

காற்றடைப்பான்:

முதலில் டயர். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சில வருடம் முன்புவரை ரிம்மில் பசை போட்டு ஒட்டிய 27, 28 மி.மீ. டியூபுலர் டயர், ஐந்து பாரை (காற்றழுத்த அலகு) ஒட்டிய காற்று என்று இருந்தது. இப்போது 30 அல்லது 32 மி.மீ. டியூப்லெஸ். பக்கச்சுவரில் அச்சிட்ட அகலத்தை நம்பாதீர்கள். உள்ளகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் ஏற்றினால் 30 என்று போட்ட டயர் 32க்குப் பக்கத்தில் அளக்கும். காலிப்பர் வைத்து அளந்து, ஃபோர்க்கிலும் பின்பக்கச் சட்டத்திலும் இருபுறமும் 4 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சேறு ஒட்டிய டயருக்கு அந்த இடம் வேண்டும். உலக சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதி டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் 700 மி.மீ. தாண்டக் கூடாது என்கிறது. ரிம் அமரும் விட்டம் 622. மிச்சம் 78, அதாவது 39 மி.மீ. உயர டயர் வரை விதி இடம் கொடுக்கும். தடுப்பது பெரும்பாலும் விதி இல்லை, ஃபிரேம்தான்.

காற்று: 60 கிலோ வீரர், 32 மி.மீ. டயர் என்றால் முன்னால் 3.1 முதல் 3.3 பார், பின்னால் 0.2 கூடுதல். இதிலிருந்து தொடங்கி, ஒத்திகையில் ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் 0.1 ஏற்றுங்கள். 80 கிலோ வீரருக்கு 3.9, 4.2 அருகில் வரும். அணியின் 80 கிலோ ஆளுக்கு வைத்த காற்றை அப்படியே மலை வீரருக்கும் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எடை குறைந்தவருக்கு அந்தக் காற்றில் சக்கரம் கல் மேல் உருளாது, துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, உந்துதலும் இல்லை.

இன்னொரு இடறல் வெப்பம். காலையில் 20 டிகிரியில் 4 பார் வைக்கிறீர்கள். மதியம் தாரில் ஓடி டயருக்குள் 40 டிகிரி ஆனால் அது 4.3ஐத் தாண்டும். காற்றுமானி காட்டும் 4க்கு மேல் வளிமண்டலத்தின் 1 உண்டு. அந்த 5இல் 7 சதவீதம் ஏறுகிறது. ஆகவே வெயில் நாளில் 0.2 குறைத்தே தொடங்க வேண்டும். எல்லாச் சக்கரத்துக்கும், மாற்றுச் சக்கரங்களுக்கும் சேர்த்து, ஒரே காற்றுமானி. இரண்டு பம்புகளின் முள்ளுக்கு இடையே 0.3 வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்ட் வழக்கமாக 30 மி.லி. என்றால் அன்று 50. ரிம்மில் மோதி டயர் இரண்டு இடத்தில் கிழியும் பாம்புக்கடிக்கு சீலன்ட் உதவாது. உள்ளே நுரைச் செருகி இருந்தால் கார் வரும்வரை தட்டையான டயரிலேயே உருட்டிப் போகலாம்.

மற்றவை சுருக்கமாக. பாட்டில் கேஜை இறுக்கமானதாக மாற்றி, உள்பக்கம் சொரசொரப்பு டேப் இரண்டு துண்டு ஒட்டவும். கழன்று உருளும் பாட்டில் பின்னால் வருபவரைக் கவிழ்க்கும், போட்டவருக்கும் தாகம். செயின் விழாமல் தடுக்கும் கேச்சர் கட்டாயம். கல்லில் முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தை (செயின்ரிங்) விட்டு இறங்கவே கூடாது, தொய்ந்த செயின்தான் விழும். கம்ப்யூட்டர் மவுண்டுக்கு ஒரு கயிறு. ஹேண்டில்பார் டேப் இரண்டு சுற்று என்பார்கள். சின்னக் கை உள்ளவருக்குப் பார் தடித்துப் பிடி தளரும், அவருக்கு மேல்பகுதியில் மட்டும் ஜெல் பட்டை போதும்.

தொடக் கூடாதது சீட் உயரமும் பார் தூரமும். ஒரு நாளுக்காக அதை மாற்றி மறுநாள் திருப்பி வைப்பதெல்லாம் முழங்காலுக்கு வினை.

---

மஞ்சள்சட்டை:

மேலே சொன்னதில் குறை இல்லை. ஆனால் கேள்வியின் கடைசி வரிக்குப் பதில் டயர் இல்லை. பட்டியலைப் பாருங்கள்.

2004, வாட்டர்லூ–வாஸ்கேல் ஸ்டேஜ். கல் இருந்தது மொத்தமே இரண்டு செக்டர், 4 கி.மீ.கூட இல்லை. இபான் மாயோ முதல் செக்டருக்கு முந்தைய தள்ளுமுள்ளில் விழுந்து நாலு நிமிடம் அளவுக்கு இழந்தார். 2014, ஈப்ர்–ஆரன்பெர்க். கிறிஸ் ஃப்ரூம் அன்று இரண்டு முறை விழுந்து விலகினார், ஒரு கல்லைக்கூடத் தொடுவதற்கு முன்பே. 2018, ஆராஸ்–ரூபே, 15 செக்டர், 21.7 கி.மீ. ரிச்சி போர்ட் விழுந்தது சுமார் பத்தாவது கிலோமீட்டரில், தாரில். 2022இல் பிரிமோஸ் ரோக்லிச் இடறியது இடம் பெயர்ந்து கிடந்த வைக்கோல் கட்டில், அதுவும் தாரில். இறங்கிய தோள்மூட்டை உட்கார்ந்து தானே ஏற்றிக்கொண்டு ஓட்டினார், இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிற்று, 15ஆம் ஸ்டேஜுக்கு முன் வீட்டுக்குப் போனார்.

நான்கு டூர், நான்கு அணித் தலைவர்கள், நால்வரையும் வீழ்த்தியது கல் இல்லை, கல்லை நோக்கிய ஓட்டம். செக்டர் என்பது வயலுக்கு நடுவே ஒரு வண்டித்தடம். எதிரெதிரே இரண்டு டிராக்டர் வந்தால் ஒன்று வயலில் இறங்க வேண்டிய அகலம். அதற்குள் 170 பேருக்கு மேல். முதல் 20 இடத்தில் நுழைபவருக்குப் பாதை தெரியும். 90ஆவது ஆளுக்கு முன்னால் இருப்பவரின் முதுகும் தூசியும்தான் தெரியும். ஆகவே எல்லா அணியும் செக்டருக்கு முந்தைய கடைசி 5 கி.மீ.யில் தலைவரை முன்னால் கொண்டுவர முயல்கிறது. ஒருநாள் பந்தயத்தில் அந்த இடத்துக்கு நிஜமாகப் போட்டியிடுவது சில அணிகள். டூரில் எல்லா அணியும் போட்டியிடும்.

நடைமுறையில் இதற்கு ஒரே வழி, 80 கிலோ எடையுள்ள கல் ஓட்டக்காரர் இருவரைத் தலைவருக்கென்றே ஒதுக்குவது. ஒருவர் முன்னால் காற்றைப் பிளக்க, ஒருவர் பின்னாலேயே, சக்கரமும் பைக்கும் கொடுக்க. ஸ்டேஜ் வெற்றி என்ற ஆசையை அன்று அந்த இருவரும் மறந்துவிட வேண்டும். அணிக்குள் தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

---

சங்கிலிச்சக்கரம்:

நன்றி, இருவருக்கும். “சக்கரமும் பைக்கும் கொடுக்க” என்கிறீர்களே, டிஸ்க் பிரேக் காலத்தில் சக்கரம் மாற்றுவதா, முழு பைக்கையே மாற்றுவதா? அணிக்குள் எல்லோரும் வேறு வேறு உயரம் ஆயிற்றே.

---

தட்டுபிரேக்:

கார் பக்கத்தில் இருந்தால் பைக். இல்லாவிட்டால் சக்கரம். சிக்கல் என்னவென்றால், கல்லில் கார் பக்கத்தில் இருக்காது.

கார்களின் வரிசை மொத்த நேரப் பட்டியலில் அணியின் முதல் வீரர் எந்த இடம் என்பதைப் பொறுத்தது. முதல் காரே ஆனாலும், பெலோட்டான் (வீரர்களின் பெருங்கூட்டம்) நாலைந்து துண்டாக உடைந்த பிறகு நடுவில் உள்ள கூட்டங்களைத் தாண்டி இந்த ஒற்றையடித் தடத்தில் முன்னால் வர முடியாது. 2022இல் இதுதான் நடந்தது. மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி வவுட் வான் ஆர்ட்டிடம், அதே அணியில் யோனாஸ் விங்கேகார். விங்கேகாரின் பைக் மக்கர் செய்ததும் நேதன் வான் ஹூய்டோங்க் தன் பைக்கைக் கொடுத்தார். அவரோ நெட்டை. விங்கேகாருக்குக் கால் எட்டவில்லை. மறுபடி பைக் மாற்ற வேண்டியதாயிற்று. நல்ல வேளையாக வான் ஆர்ட் பின்வாங்கி வந்து இழுத்தார், போட்டியாளர் பொகாச்சரிடம் இழந்தது 13 விநாடியோடு நின்றது.

பாடம் எளிது. பைக் கொடுப்பவர் தலைவரின் உயரத்துக்கு இரண்டு செ.மீ.க்குள் இருக்க வேண்டும், பெடல் வகை ஒன்றாக இருக்க வேண்டும், எந்தப் பிடியில் முன் பிரேக் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் சக்கரம் மட்டும் கொடுக்கட்டும். ஆனால் 2015இல் டோனி மார்ட்டின் பஞ்சரான பிறகு சக வீரர் மத்தேயோ ட்ரென்டினின் பைக்கில் ஏறி, அதிலேயே கம்பிரேயில் ஜெயித்து மஞ்சளும் எடுத்தார். அளவு கிட்டத்தட்ட ஒத்துவந்தால் இருபது கிலோமீட்டருக்கு அது போதும்.

சக்கரம் மாற்றுவதானால் முந்தைய நாளே செய்ய வேண்டிய வேலை: அணியின் எல்லாச் சக்கரங்களின் பிரேக் தட்டும் (ரோட்டர்) ஒரே இடத்தில் அமர்கிறதா என்று பார்ப்பது. கால் மி.மீ. தள்ளி இருந்தாலும் பேடில் உரசும். மெல்லிய தகடு (ஷிம்) வைத்து எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரோட்டர் விட்டமும் எல்லோருக்கும் ஒன்றே, ஆளுக்கொரு 140, 160 என்று வேண்டாம். செக்டர் முடியும் இடத்தில் நிற்கும் உதவியாளர் கையில் முன், பின் சக்கரம் ஒவ்வொன்று, சக்கர அச்சான த்ரூ ஆக்ஸிலுக்கான சாவி. நிற்க வேண்டியது செக்டரின் முடிவில், தொடக்கத்தில் அல்ல. பஞ்சர் ஆவது உள்ளே.

---

வடக்குக்காற்று:

மஞ்சள்சட்டை சொன்னதில் பாதிதான் உண்மை. 2010இல் ஃபிராங்க் ஷ்லெக் காரை எலும்பை உடைத்துக்கொண்டது கல்லின் மேலேயே. அந்த விழுகையில் பின்னால் வந்தவர்கள் சிதறினார்கள், மொத்த வெற்றிக்குப் போட்டியிட்ட கான்டடோர் உட்பட. சக அணி வீரர் கான்செல்லாரா பின்னால் ஒட்டியிருந்த தம்பி ஆண்டி ஷ்லெக் நேரம் சம்பாதித்தார். 2014இல் வின்சென்சோ நிபாலி கான்டடோரிடமிருந்து இரண்டரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது ஈரக் கல்லில், ஓட்டத் தெரிந்ததால். அந்த டூரையும் அவரே ஜெயித்தார். ஆக, கைத்திறனுக்கும் பங்கு உண்டு.

(பிரெஞ்சில் இதற்குப் பாவே என்று பேர். நாமும் கல் பாவுதல் என்கிறோம். ஒலி ஒற்றுமை தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மலை வீரருக்குக் கற்றுத்தர வேண்டியவை சில. டிராக்டர் சக்கரம் இருபுறமும் அமுக்கி நடுவில் முதுகெலும்புபோல் மேடு நிற்கும். உலர்ந்த நாளில் அந்த மேட்டில் ஓட்டு. ஓரத்து மண் தடம் மிருதுவாகத் தெரியும், ஆனால் கூரான சரளை சேர்வது அங்கேதான், பஞ்சரும் அங்கேதான். கல்லுக்குள் நுழையும் முன்பே ஒரு பல் பாரமான கியர், பிறகு மிதிப்பை விடவே கூடாது. பெடலில் அழுத்தம் இருக்கும்வரை எடை காலில் நிற்கும், சீட்டில் அல்ல. அப்போது பைக் அடியில் ஆடினாலும் உடம்பு ஆடாது. மிதிப்பதை நிறுத்தினால் முழு எடையும் சீட்டுக்கு வந்து பின்சக்கரம் உதைக்கும். கை பாரின் மேல்பகுதியில், முழங்கை மடங்கி, விரல் தளர்ந்து. பயந்தவர் இறுக்கிப் பிடிப்பார், இரண்டாவது செக்டரிலேயே முன்கை செத்துவிடும், உள்ளங்கையில் கொப்புளம். மூன்று வாரப் பந்தயத்தில் கொப்புளம் சின்ன விஷயம் அல்ல, அடுத்த பத்து நாள் பிரேக் பிடிப்பதே வேதனை.

பிரேக் வேண்டுமென்றால் நுழையும் முன் பிடி. கல்லுக்குள் திருப்பம் வந்தால் உள்வெட்டாகப் போகாமல் அகலமாக எடு. முன்னால் இருப்பவரின் சக்கரத்தைப் பார்க்காதே, அவர் தோளுக்கு மேலே பார்.

பஞ்சர் ஆனாலும் பதறக் கூடாது என்பதற்கு 2018இன் ரொமெய்ன் பார்டே உதாரணம். பஞ்சருக்கு மேல் பஞ்சர், கடைசியில் மற்றத் தலைவர்களிடம் இழந்தது 7 விநாடி. செக்டருக்குச் செக்டர் நடுவே தார் இருக்கிறது, துரத்த ஆள் இருந்தால் பிடிக்கலாம். அதே நாளில் ரிகோபெர்டோ ஊரான் ஒன்றரை நிமிடம் இழந்தார்.

---

காற்றடைப்பான்:

மழையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மழை வந்தால் மேலே உள்ள கணக்கில் இரண்டு மாறும். காற்று இன்னும் 0.2 குறையும். பாதையின் நடுமேடு வழுக்கும் என்பதால் வடக்குக்காற்று சொன்ன தடமும் மாறும். ஆனால் நீர் தேங்கிய குழிக்குள் எவ்வளவு ஆழம் என்று தெரியாது, அதனால் ஓரமும் ஆபத்து. 2014இல் ஒன்பது செக்டரில் இரண்டை அன்று காலை நீக்கியதற்கு இதுவே காரணம். அப்படி நீக்கினால் உதவியாளர்கள் நிற்கும் இடங்களின் பட்டியலையும் உடனே திருத்துங்கள். வராத செக்டரின் முடிவில் இரண்டு சக்கரத்தோடு ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.