ஆளில்லாத் துறைமுகம் என்று நினைத்துப் போனேன்

உப்புக்காற்று:

கைவிடப்பட்ட தொழிற்சாலை, இறங்குதுறை, களஞ்சியம் என்று கமராவோடு அலையும் பழக்கம் நம் பக்கத்திலும் பரவிவிட்டது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் அப்படித் திரிந்தவர்கள் பட்டதை எழுதுங்கள். முதலில் நான்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஒலுவில் துறைமுகத்துக்குப் போனேன். டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013ஆம் ஆண்டு திறந்த துறைமுகம். வாயிலை மணல் மூடிக்கொண்டே இருந்ததால், சரக்குக் கப்பல்கள் வந்து போகும் துறையாக அது தலையெடுக்கவில்லை. அகன்ற சீமெந்துத் தளம், கடலுக்குள் கைநீட்டிக் கிடக்கும் கல்லணைகள், ஆள் அரவமே கிடையாது. எனக்கோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

காவலாளி வந்து அந்த மகிழ்ச்சியில் மண் போட்டார். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். தொலைபேசியில் யாரிடமோ பேசிவிட்டு, "கட்டடங்களுக்குள் போக வேண்டாம், வள்ளங்கள் நிற்கும் பக்கம் மட்டும் எடுங்கள்" என்று விட்டார். அவர் செய்தது சரிதான், முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டியவன் நான். ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். துறைமுகத்துக்கு மேலே பறக்கவிட்டு மாட்டிக்கொண்டால் சனிக்கிழமையோடு முடியாது.

விடியலில் போனதும் பிழை. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாம் கரிக்கோடுதான். இரும்புக் கறளின் சிவப்பு வேண்டுமென்றால் பின்னேரம் நாலு மணிக்கு மேல், வெயில் முதுகில் விழும்போது போக வேண்டும்.

கப்பலைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தும் இரும்புக் குற்றி ஒன்றின் அருகே குந்தினேன். கறள் ஏடு ஏடாகக் கழன்று, முறுகிய அப்பத்தின் ஓரம்போல நின்றது. விரலால் தொட்டால் உதிர்கிறது. ஆனால் அதில் சுற்றியிருந்த நீல நைலோன் கயிறு புத்தம் புதியது. மறுமுனையில் ஒரு சிறிய வள்ளம். கயிற்றை ஒதுக்கிவிட்டுக் குற்றியை மட்டும் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல்.

"என்ன தம்பி, கறளையா படம் எடுக்கிறீர்கள்?"

"ஆளில்லாத இடங்களைப் படம் எடுப்பேன் காக்கா."

"அப்படியென்றால் நான் யார்?"

கயிறு அவருடையது. பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "வாருங்கள், உண்மையாகவே ஆளில்லாத இடத்தைக் காட்டுகிறேன்" என்று வடக்குப் பக்கம் கூட்டிப்போனார். தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகர்ந்துகொண்டிருந்த மணலைக் கல்லணை மறித்துவிட்டது. மறித்த மணல் தெற்கிலும் வாயிலிலும் சேர்கிறது. வடக்கே போய்ச் சேர வேண்டியது போகாததால் அந்தக் கரையைக் கடல் தின்கிறது. காக்கா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்தார்: "அங்கே கூடினது இங்கே குறைகிறது."

வேர் வெளியே தெரிய ஒரு தென்னை அலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதற்கும் அப்பால் அலை உடையும் இடத்தைக் காட்டி, "அங்கேதான் என் மீன்வாடி இருந்தது" என்றார்.

"படம் எடுக்கட்டுமா?"

"எதை? தண்ணீரையா?"

கடதாசிப் பிள்ளை:

என் அப்பா வாழைச்சேனை கடதாசி ஆலையில் வேலை செய்தவர். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம், 1950களில் உற்பத்திக்கு வந்தது. சூடடித்து முடிந்த வயல்களிலிருந்து வைக்கோல் வரும், பரந்தனிலிருந்து கோஸ்டிக் சோடா வரும். இரண்டையும் சேர்த்து அவித்த மணம் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாது. அம்மா அந்தச் சட்டைகளைத் தனியாகத்தான் தோய்ப்பார்.

போன வருடம் யாரோ உள்ளே புகுந்து எடுத்த படங்களை "பேய் ஆலை" என்று முகநூலில் போட்டிருந்தார். படம் அழகு, பொய் சொல்லக்கூடாது. தலைப்பைப் பார்த்து எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் தலைப்பை வாசிக்கவே இல்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு மூலையைப் பார்த்தபடி, "இந்த உருளையை ஏன் இப்படித் திறந்து போட்டிருக்கிறார்கள், மழை படுமே" என்றார்.

ஆலையை மறுபடி இயக்கும் முயற்சிகள் அவ்வப்போது நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மதில் ஏறாதீர்கள். கேட்டுப் போங்கள்.

ஏற்பு ஊசி:

எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். வாவியோரம் முன்பு மீன்பெட்டிக்கு ஐஸ் போட்ட ஒரு கட்டடம், பின்னால் சின்னதாய் ஒரு ஜெட்டி. பலகை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆணிகள்தான் இல்லை, உப்பு தின்றுவிட்டது. இடது கால் முழங்கால் வரை உள்ளே போய், சிப்பி ஒட்டிய தூண் கணைக்காலைக் கிழித்தது.

பக்கத்தில் அத்தாங்கு போட்டு இறால் வடித்துக்கொண்டிருந்த அக்கா தண்ணீருக்குள்ளாகவே ஓடி வந்தார். "கையில் இருப்பதை முதலில் தா, பிறகு உன்னைத் தூக்குகிறேன்" என்றார். நான் கமராவைக் கொடுக்கவில்லை. அந்த நிலையிலும் அவரை நம்பாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறு தையலைவிட அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

போகிறவர்களுக்கு ஒன்று: பலகையின் நடுவில் மிதிக்காதீர்கள். ஆணித்துளைகள் வரிசையாகத் தெரியும் இடத்தில்தான் அடியில் குறுக்குச் சட்டம் இருக்கும். தனியே போகவும் வேண்டாம்.

கல்லடியான்:

கல்லடிப் பழைய பாலத்தையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள், அது கூடாது. 1924இல் திறந்த இரும்புப் பாலம், ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் இதற்கு ஓய்வு கிடைத்தது, அவ்வளவுதான். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் பார்த்து நிற்கிறது.

தறையாணிகளை நிலவொளியில் எடுக்கலாம் என்று ஒரு பறுவ இரவில் தோணியில் போனேன். தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியை என் காதில் வைக்கச் சொன்னார். வாவிக்குள் மீன் பாடுகிறது என்பார்கள், பாடுவது ஊரி என்னும் நத்தை என்றும் சொல்வார்கள். எனக்குத் தூரத்தில் யாரோ தம்புராவை மீட்டுவதுபோலக் கேட்டது. தோணி ஆடியதில் படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

உப்புக்காற்று, அந்தத் தண்ணீரைப் படம் எடுத்தீரா இல்லையா?

உப்புக்காற்று:

எடுத்தேன். வெறும் அலை, ஒரு மூலையில் தென்னையின் வேர். கழுவிப் பார்த்தபோது எனக்கே சப்பென்றுதான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, நீலக் கயிற்றோடு எடுத்த குற்றியின் படத்தையும் இதையும் பிரதியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குற்றியைப் பார்த்துத் தலையாட்டினார். அலைப் படத்தைத்தான் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு படத்தின் விளிம்பைத் தாண்டி, வெறும் காற்றில் விரலை வைத்துக் காட்டினார்.

"இது இல்லை தம்பி. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."