எமர்ஜிங் ஆர்ட்டிஸ்ட்: ‘வளரும் கலைஞர்’ சரியா?

ஐயா, வணக்கம்.

கலையுலகில் இப்போதுதான் கவனிக்கப்படத் தொடங்கும் கலைஞரைக் குறிக்கும் ‘எமர்ஜிங் ஆர்ட்டிஸ்ட்’டுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் தந்த ‘வளரும் கலைஞர்’ எனக்கு ஒப்பவில்லை. நம் மேடைகளில் ‘வளரும் கவிஞர்’ என்றால், இன்னும் தேறவில்லை, தட்டிக்கொடுங்கள் என்றுதான் பொருள். ஓர் அருங்காட்சியகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் தன் ஈராண்டுக் காட்சிக்குத் (‘பையெனியல்’) தேர்ந்தெடுத்தவரை அப்படிச் சொல்வது தகாது.

நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் 2012 ஈராண்டுக் காட்சியில் ஒளிப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃப்ரேசியரின் படைப்புகள் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது 30. ஆனால் பதின்பருவத்திலிருந்தே, பென்சில்வேனியாவின் பிராடக் என்ற எஃகாலை ஊரில், பாட்டியையும் தாயையும் தன்னையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வந்தவர் அவர். எஃகுத் தொழில் சரிந்து ஊரில் ஆள் குறைந்துபோனது. 2010இல் மருத்துவமனையும் மூடப்பட்டது. இத்தனையையும் அவர் வீட்டுக்குள்ளிருந்தே, நோயுற்ற உடல்களின் அருகிலிருந்தே காட்டினார். அந்தக் கலை எப்போதோ முதிர்ந்துவிட்டது. பிறர் பார்வை அதன்மேல் விழுந்ததுதான் புதிது.

‘முகிழ்கலைஞர்’, ‘அரும்பும் கலைஞர்’ இரண்டிலும் அதே குறைதான். ‘எழுகலைஞர்’ எழுஞாயிற்றை நினைவூட்டும் அழகான சொல். ஆனால் எழுகடல் என்றால் ஏழு கடல். இவர்களும் ஏழு பேராகிவிடுவார்கள். ‘புதுமுகம்’ திரைப்படத்துக்குப் போய்விட்டது.

சிற்றிதழ்களில் ‘கவனம் பெற்றுவரும் எழுத்தாளர்’ என்று எழுதுகிறோமே, அதையே வினைத்தொகையாக்கி ‘கவனம்பெறு கலைஞர்’ எனலாம்.

‘ஈராண்டுக் காட்சி’ இரண்டு ஆண்டு நீடிக்கும் காட்சியாகத் தோன்றாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ‘ஆண்டு விழா’வை யாரும் ஓராண்டு நடக்கும் விழாவாகக் கொள்வதில்லை. எனவே ‘ஈராண்டுக் காட்சி’ அப்படியே இருக்கட்டும்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் காரணத்தை ஏற்கிறேன். ‘கவனம்பெறு’ மட்டும் காதுக்கு ஏவலாக ஒலிக்கிறது, கலைஞரைப் பார்த்துக் ‘கவனம் பெறு!’ என்று கட்டளையிடுவதாக. ஓரெழுத்தைச் சேர்த்துக் ‘கவனம்பெறும் கலைஞர்’ என்போம். சுருக்கத்துக்காகத் தெளிவை இழக்க வேண்டாம்.

இன்னொன்று. காட்சியில் இருப்போர் எல்லோருக்கும் இதை ஒட்டிவிடக் கூடாது. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் அடித்ததை 1991இல் ஜார்ஜ் ஹாலிடே தன் வீட்டு மாடத்திலிருந்து பதிவுசெய்தார். அந்தக் காணொளியை 1993இல் இதே விட்னி தன் ஈராண்டுக் காட்சியில் வைத்தது. உலகமே பார்த்த பதிவு அது. எடுத்தவரோ கலைஞர் என்ற பெயரைக் கோரியவர் அல்லர். அத்தகைய இடத்தில் ‘காணொளிப் பதிவு: ஜார்ஜ் ஹாலிடே’ என்றாலே போதும். நம் பட்டியலில் இந்த விளக்கத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள்.