மேடைக்குப் பின்னால் வேலை செய்தவர்களே, உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் கணம் எது?

பொருள்மேசை

நான்கு இரவுகள் நடந்த நாடகத்தில், நடிகர்கள் மேடைக்கு எடுத்துப்போகும் பொருட்களை வைக்கும் பொருள் மேசை என் பொறுப்பில் இருந்தது. மூன்றாம் காட்சியில் நாயகி தன் அண்ணனின் கடிதத்தைப் படித்துக் கிழித்து, துண்டுகளைக் கையில் இறுக்கியபடியே வெளியேற வேண்டும் என்பதால், ஒவ்வோர் இரவுக்கும் புதிய கடிதம் ஒன்று தேவைப்பட்டது. வெற்றுத் தாளைப் பார்த்துப் படிப்பதுபோல் நடிக்கத் தமக்கு வரவில்லை என்று அந்த நடிகை ஒத்திகையில் சொன்னார். ஆகவே நாடகத்தில் எங்கும் வராத வீட்டுச் செய்திகளையெல்லாம் சேர்த்து, ஓர் அண்ணன் உண்மையிலேயே எழுதக்கூடியதைப்போல ஒரு முழுப் பக்கம் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கடைசி இரவில் உறைக்குள் வெற்றுத் தாள் போய்விட்டது. நான் மேடையின் பக்கவாட்டு மறைவான விங்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உறையைப் பிரித்தார், தாளை விரித்தார், மற்ற இரவுகளைவிட நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் அன்றைய நாடகத்தின் சிறந்த இடம் என்று பிறகு பலரும் பாராட்டினார்கள். ஆனால் காட்சி முடிந்து இருளுக்குள் வந்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல், கிழித்த துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டு உடை மாற்றப் போனார். கோபமா, வருத்தமா, வேறு எதுவுமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

குறிப்புப்பிரதி

எங்கள் குழுவில் ஒளி, ஒலி இரண்டுக்குமான கட்டளைகளை ஹெட்செட்டில் நான்தான் சொல்வேன். ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்ணைச் சொல்லி "தயார்" என்பேன். உரிய வசனம் வந்ததும் "விடு" என்பேன். அந்தச் சொல் காதில் விழுந்த கணமே, யோசிக்காமல் விரல் அழுத்த வேண்டும் என்றுதான் பழக்கியிருந்தோம்.

நாடகத்தின் இறுதியில் முதியவர் படுக்கையில் கிடந்து மகனிடம் பேசும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் மழையொலியைச் சற்று முந்திப் போட்டுவிட்ட தம்பி, ஹெட்செட்டிலேயே திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். முகம் தெரியாத இருளில் அவன் குரல் உடைவதைக் கேட்கப் பொறுக்காமல், "சரிப்பா, விடு" என்றேன். அடுத்த எண்ணுக்கு ஏற்கெனவே தயார் சொல்லியிருந்தேன். ஒளிப்பலகையில் இருந்தவர் விட்டுவிட்டார். அரங்கம் முழுவதும் இருண்டது.

நான்கைந்து நொடிகள்தான் ஆகியிருக்கும். அந்த இருளில், ஒரு தயக்கமும் இல்லாமல், முதியவராக நடித்தவரின் குரல் மட்டும் அதே தாழ்ந்த தொனியில் மகனிடம் பேசிக்கொண்டே இருந்தது. ஒளி மீண்டும் ஏறியபோது அவருடைய கை, மகனாக நடித்தவரின் தலைமீது இருந்தது. அந்த அசைவு ஒத்திகையில் இல்லை. இருளில் தவித்த அந்த இளைஞனுக்கு ஆதரவாக அவர் வைத்த கை அது. பார்த்தவர்கள் மேடையில் தந்தையும் மகனும் என்றே நினைத்திருப்பார்கள்.

அன்றோடு கட்டளைச் சொல்லை "ஏற்று" என்று மாற்றிக்கொண்டோம். அன்றாடப் பேச்சில் தானாக வந்து விழக்கூடிய எந்தச் சொல்லையும் கட்டளையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆணிப்பெட்டி

என் அனுபவம் சிறியது. கால் ஆடிய நாற்காலி ஒன்றுக்கு நாடகம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஆணி அடித்தேன். இரண்டு மணி நேரமும் வசனம் எதுவும் என் காதில் விழவில்லை. அந்த நாற்காலியின் கிறீச்சொலி மட்டுமே விழுந்தது.

பொருள்மேசை சொன்னதைப் படித்தபோது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. உறைக்குள் வெற்றுத் தாள் போனது தற்செயலாக நேர்ந்த பிழை அன்று. எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. கிழிபவை, உடைபவை, எரிபவை ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி, நாடகம் நடக்கும் இரவுகள் எத்தனையோ அத்தனை, முழு உடை ஒத்திகைகளுக்கு அத்தனை, அவற்றுக்கு மேல் இரண்டு என்று முதல் நாளே செய்து வைத்துவிட வேண்டும். மேசையின்மீது வெள்ளைக் காகிதம் விரித்து, ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைத்து, விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, உள்ளே அதன் பெயரை எழுதுங்கள். அப்போது இல்லாத பொருளின் இடம் வெறுமையாக நின்று தானே காட்டிக்கொடுக்கும். உறை, பெட்டி, பை போன்றவற்றின் உள்ளே இருப்பதை இந்தக் கோடு காட்டாது. ஆகையால், அவையோரை உள்ளே விடுவதற்கு முன்பு ஒரு முறையும் இடைவேளையில் ஒரு முறையும் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். பார்க்கும்போது பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடிகர் திரும்பிவரும்போது பொருளை மேசையில்தான் வைக்க வேண்டும். ஒப்பனை அறைக்கு எடுத்துப்போக யாரையும் அனுமதிக்கக் கூடாது.

இன்னொன்று, கடிதத்தில் உண்மையான வாசகம் எழுதிக் கொடுத்ததையே நான் ஏற்க மாட்டேன். நடிகர் ஒரு முறை பழகிவிட்டால் அது இல்லாதபோது தடுமாறுவார். மனப்பாடம் செய்த வசனத்தைத் தாளில் தேடும் பழக்கமும் அப்படித்தான் தொடங்குகிறது.

நாற்பதுநொடி

ஆணிப்பெட்டி சொன்ன முறைகள் சரியானவை. இருந்தாலும் கடிதம் எழுதியதைத் தவறு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நடிகை தடுமாறவில்லை; தமக்குக் கிடைத்ததைக்கொண்டு நடித்தார். எழுதிக் கொடுத்தவர் அவருடைய வேலைக்கு உதவினார்.

நான் செய்தது விரைவு உடைமாற்றம். விங்கின் மறைவில், மங்கிய நீல விளக்கு ஒன்றின் ஒளியில், நாற்பது நொடிகளுக்குள் ஒருவரைத் தொழிலாளியிலிருந்து மணமகனாக மாற்ற வேண்டும். வெல்க்ரோவைப் பிரித்தால் எழும் சத்தம் அவைவரை கேட்கும் என்பதால் பிரஸ் பட்டன் தைத்திருந்தோம். சட்டைப் பொத்தான்கள் முன்புறம் அலங்காரத்துக்கு மட்டுமே. ஓர் இரவு தோள் பக்கத்துப் பட்டன் பிய்ந்துவிட, என் இடுப்புப் பட்டையில் குத்தி வைத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்துப் பூட்டினேன். துணிக்கும் உடலுக்கும் நடுவே என் விரலைக் கொடுத்துக் குத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று நேரமில்லை, விரலைக் கொடுக்கவில்லை.

அவர் லேசாக மூச்சை உள்ளிழுத்தார், அவ்வளவுதான். மேடையின் வெளிச்சத்துக்குப் போன பிறகுதான் வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, மெல்ல மெல்லப் பெரிதாவதைப் பார்த்தேன். அந்தக் காட்சியில் அவர் மூன்று பேரைக் கட்டித் தழுவ வேண்டும். ஒவ்வொரு தழுவலுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பி வந்தவர், தாம் கவனிக்கவே இல்லை என்றார். அவர் என் பொருட்டுச் சொன்ன பொய் அது என்பதை, ஊக்கைக் கழற்றும்போது அவர் தோள் விலகியதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கதவோரம்

இருபது ஆண்டுகளாக, மேடையில் காட்சிப் பின்னணியாக நிறுத்தும் தட்டிகளை நகர்த்தி வருகிறேன். நான் சொல்லப்போவது மேடையில் நடந்ததன்று.

இரண்டாம் அங்கத்துக்கான தட்டிகளை வைக்க இடமில்லாமல், பின்புற அவசரக் கதவின் முன்னால் சாய்த்து வைத்திருந்தோம். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருவர், அவற்றை எடுக்காமல் திரையைத் திறக்கக் கூடாது என்றார். மூன்றாம் மணி அடிக்கப்போகும் நேரம் அது. எல்லாருக்கும் முன்னால், "உனக்கு மேடையைப் பற்றி என்னம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வாதாடவில்லை, தாமே முதல் தட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மறுமுனையைப் பிடிக்க யாராவது வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒப்பனையோடு இருந்த நடிகர்கள் வந்து பிடித்தார்கள், நான் போகவில்லை.

சிகாகோவின் இரோகுவாய் அரங்கத்தைப் பற்றிப் பின்னர்தான் படித்தேன். 1903 டிசம்பர் 30 அன்று, பகல் காட்சியின்போது, வில்விளக்கு (ஆர்க் லைட்) ஒன்றிலிருந்து திரைத்துணியில் தீப்பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்க முயன்றபோது அது வழியிலேயே சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பல பூட்டப்பட்டிருந்தன. சிலவற்றை எப்படித் திறப்பது என்றே மக்களுக்குத் தெரியவில்லை. 602 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடம் திறக்கப்பட்டு ஐந்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. தீப்பிடிக்காத அரங்கம் என்று விளம்பரமும் செய்திருந்தார்கள்.

அந்தப் பெண் அடுத்த நாடகத்துக்கு வரவில்லை. தட்டியின் ஒரு முனையோடு அவர் நின்ற கோலம்தான் எனக்கு நினைவில் இருக்கிறது. முகம் நினைவில் இல்லை.

பொருள்மேசை

ஆணிப்பெட்டி அவர்களுக்கு: எண்ணிக்கை தவறவில்லை. நான்கு இரவுகளுக்கும் இரண்டு உடை ஒத்திகைகளுக்கும் சேர்த்து ஆறு கடிதங்கள் எழுதியிருந்தேன். கூடுதலாக எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்றாம் இரவு முடிந்ததும், நாடகம் முடியப்போகிறதே என்ற ஏக்கத்தில், மீதமிருந்த ஒன்றை நினைவுக்காக என் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் வேறொன்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து நேராக அரங்கத்துக்கு ஓடிவந்தேன். முதல் பதிவில் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த வெற்றுத் தாளை விரித்தபோது, எழுதிய கடிதம் எனக்குப் பத்தடி பின்னால், ஆணியில் தொங்கிய என் பைக்குள் இருந்தது.