நிலத்தடி கேஸ் சேமிப்பில் மச்சானுக்கு வேலை: எதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்?

ஊவாமலையான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் மனைவியின் தம்பி ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் ஆறு வருஷம் பிட்டராக இருந்தவன். ரோலர், டிரையர், போயிலர் எல்லாவற்றிலும் கை வைப்பான். இப்போது வளைகுடாவில் ஒரு வேலை சரிவந்திருக்கிறது. ஏஜென்சிக்காரர் முதலில் "கேஸ் கம்பெனி" என்று மட்டும்தான் சொன்னார். கடதாசி கைக்கு வந்த பிறகுதான், இயற்கை எரிவாயுவை நிலத்துக்கடியில் சேர்த்து வைக்கும் இடம் என்று தெரிந்தது. கிணறுகளின் தலைப்பகுதியைப் பராமரிப்பது இவன் வேலை. அந்தக் கடதாசியில் ஒரு வரி இருக்கிறது: "எல்லா வேலையும் ஏபிஐ 1171 முறைப்படி நடக்கும்." அது என்னவென்று ஏஜென்சியில் கேட்டால், அங்கே போனதும் சொல்லித் தருவார்கள் என்கிறார்கள்.

மாமி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மாதம் எங்கள் பக்கத்து வீட்டிலும் ரெகுலேட்டருக்குக் கீழே குழாயில் தீப்பிடித்து, சாக்கை நனைத்துப் போட்டுத்தான் அணைத்தோம். பன்னிரண்டரை கிலோ சிலிண்டரே அப்படியென்றால் நிலத்துக்குள் அத்தனை கேஸை வைத்திருக்கும் இடத்துக்கு என் பிள்ளையை அனுப்புவதா என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

நான் கொஸ்லாந்தைப் பக்கத்தவன். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து இறங்கியபோது அங்கே ஓடிப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். கடதாசி இருந்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயமும் அதே இடத்தில் இருந்தது. ஆகவே "விதிமுறைப்படி நடக்கும்" என்ற ஒரு வரியை வைத்து என்னால் சமாதானமாக முடியவில்லை. அந்த விதியில் என்ன இருக்கிறது? அதைச் செய்கிறார்களா என்று யார் பார்க்கிறார்கள்? அவன் எதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மஸ்கெலியா பிட்டர் எழுதியது:

தம்பி, நானும் ஸ்டோரில் பிட்டராக இருந்து போனவன்தான். வளைகுடாவில் பதினான்கு வருஷம், அதில் ஒன்பது வருஷம் இதே கிணற்றுத் தலை வேலை. திரும்பி வந்து மஸ்கெலியாவில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் மாமிக்கு. நிலத்துக்குள் பெரிய சிலிண்டர் ஒன்றைப் புதைத்து வைத்திருப்பதாக அவர் நினைத்திருப்பார். அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில், எண்ணெயோ கேஸோ எடுத்துத் தீர்ந்த பழைய களத்துக்குள்தான் கேஸை மறுபடி அழுத்தி இறக்குகிறார்கள். ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் மணற்கல் இருக்கும். அந்தக் கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில், நனைந்த மணலில் தண்ணீர் நிற்பது போல கேஸ் நிற்கும். மேலே கேஸை விடாத இறுகிய பாறை மூடியிருக்கும். லட்சக்கணக்கான வருஷம் கேஸை அடக்கி வைத்திருந்த பாறை அது. உள்ளே காற்று இல்லை, ஆகவே அங்கே எரியவும் முடியாது. உப்புப் படுகையைத் தண்ணீரால் கரைத்து உண்டாக்கிய குகைகளிலும் வைப்பார்கள். அதற்கான முறை 1170, தீர்ந்த களங்களுக்கும் நீர் தாங்கிய பாறைகளுக்கும் உரியது 1171. உங்கள் மச்சான் போகும் இடம் எந்த வகை என்பது அந்த எண்ணிலிருந்தே தெரிகிறது.

பயப்பட வேண்டியது பாறைக்கு அல்ல, அந்தப் பாறையில் மனிதன் போட்ட ஓட்டைக்கு. ஒவ்வொரு கிணறும் ஓர் ஓட்டை. அதற்குள் இரும்புக் குழாய், அதற்குள் இன்னொரு குழாய், வெளியே சீமெந்து. வெளிக்குழாயைக் கேசிங் என்போம், உள்ளே கேஸ் வந்து போவது டியூபிங். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அனுலஸ். உங்கள் மச்சானின் உயிரும் பக்கத்து ஊரின் உயிரும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் அலிசோ கன்யான் என்று ஒரு களம். 2015 அக்டோபர் 23ஆம் திகதி அங்கே எஸ்எஸ்-25 என்ற கிணறு ஒழுகத் தொடங்கியது. 1950களில் எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறு, பிறகு சேமிப்புக்கு மாற்றியிருந்தார்கள். கேஸை டியூபிங் வழியாக மட்டுமல்ல, கேசிங் வழியாகவும் ஓட்டினார்கள். அதாவது வெளிக்குழாய் போனால் தடுக்க வேறொன்றும் இல்லை. அடியில் இருந்த பாதுகாப்பு வால்வை 1979இலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 270 மீட்டர் ஆழத்தில் கேசிங் பிளந்தது. மேலிருந்து கனமான திரவத்தை இறக்கி ஏழு முறை அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கடைசியில் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அடியில் போய்ப் பிடித்துத்தான் 2016 பெப்ரவரியில் அடைத்தார்கள். அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் தொன் மீதேன் போய்விட்டது. அருகிலிருந்த போர்ட்டர் ராஞ்ச் ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போயின. கேஸில் மணத்துக்காகக் கலக்கும் மேர்கப்டன் நாற்றத்தால் தலைவலி, குமட்டல், மூக்கில் இரத்தம்.

2019இல் வந்த விசாரணை அறிக்கையில் இரண்டு விஷயம் இருக்கிறது. நிலத்தடி நீர் பட்டு, நுண்ணுயிர்களால் கேசிங்கின் வெளிப்புறம் அரித்துப் போயிருந்தது. அது ஒன்று. எனக்கு முக்கியம் இரண்டாவது: அதே களத்தில் அதற்கு முன் அறுபதுக்கு மேற்பட்ட கேசிங் ஒழுக்குகள் நடந்திருந்தன. ஒழுகியதை அடைத்தார்கள், ஏன் ஒழுகியது என்று தோண்டிப் பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. 1170, 1171 இரண்டும் அதே 2015ஆம் வருஷம்தான் வெளிவந்தன. எழுதியது ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலியத் துறையின் சங்கம், அரசாங்கம் அல்ல. "இப்படிச் செய்வது நல்லது" என்ற பரிந்துரைதான். கிணற்றுக்கு உள்ளே என்ன செய்ய வேண்டும் என்று அதுவரை அமெரிக்க மத்திய அரசிடம் விதியே இல்லை, மாநிலங்கள் தங்கள் பாட்டுக்குப் பார்த்தன. அலிசோவுக்குப் பிறகு 2016 ஜூனில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. டிசம்பரில் குழாய்ப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய நிறுவனம் அந்த இரண்டு புத்தகங்களையும் விதிக்குள் கொண்டுவந்தது, 2020 பெப்ரவரியில் இறுதி விதி வந்தது. ஒவ்வொரு கிணற்றின் ஆபத்தையும் அளந்து எழுத வேண்டும், 2027 மார்ச்சுக்குள் எல்லாக் கிணறும் முடிய வேண்டும் என்று நாள் குறித்தார்கள். கலிபோர்னியா இன்னும் இறுக்கிப் பிடித்தது: ஒரு தடுப்பு போனால் இன்னொன்று நிற்க வேண்டும், கேஸ் டியூபிங் வழியாக மட்டும்தான் போகலாம் என்று.

இதெல்லாம் அமெரிக்காவுக்குள்தான் செல்லும். வேறு நாட்டுக் கம்பெனி "1171 முறைப்படி" என்று எழுதினால், அந்த நாட்டு அரசாங்கம் அதை விதியாக்கியிருந்தால் தவிர, அது கம்பெனி கொடுக்கும் வாக்கு மட்டுமே. ஆகவே மச்சான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைச் சோதிக்க வெளியிலிருந்து யார் வருகிறார், கடைசியாக எப்போது வந்தார் என்பது. இரண்டாவது, கேஸ் டியூபிங்கில் மட்டும் போகிறதா, கேசிங்கிலுமா. மூன்றாவது, கேசிங் இரும்பின் தடிப்பைக் கருவி இறக்கிப் பார்த்தது எந்த வருஷம், வெப்பநிலைப் பதிவு எடுக்கிறார்களா. கேஸ் ஒழுகும் இடம் குளிர்ந்துவிடும், அந்தப் பதிவில் அது பளிச்சென்று தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு கிணறாகப் போய், அனுலஸ் கேஜைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு கிணற்றின் வெளி அனுலஸில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள் ஒருநாள் 180 காட்டியது. சூப்பர்வைசர் இறக்கிவிடச் சொன்னார். நீடில் வால்வைக் கால் சுற்றுத் திறந்தேன், சீ என்று சத்தம் வந்து, நாலு நிமிஷத்தில் முள் கீழே வந்தது. "சரி" என்று எழுதினேன். மறுநாள் காலை மறுபடி 180. மறுபடி இறக்கினேன், மறுபடி "சரி". பதினொரு நாள். கேஸ் எங்கிருந்தோ திரும்பத் திரும்ப வருகிறது என்று என் கைக்குத் தெரிந்தது, வாய் திறக்கவில்லை. புதிதாக வந்த ஓர் இஞ்சினியர் புத்தகத்தைப் புரட்டி, பதினொரு "சரி"யையும் பார்த்துவிட்டு அன்றைக்கே கிணற்றை மூடச் சொன்னார். கேசிங்கில் ஒரு மூட்டின் மரைவழியாக ஒழுக்கு. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பதினொரு கையெழுத்தும் என்னுடையவை. இன்றும் தேநீர்க் கேத்தல் சீ என்றால் அந்த வால்வுதான் ஞாபகம் வரும்.

இறக்கினால் இறங்கி, அப்படியே நிற்கும் அழுத்தம் வேறு. இறக்கிய பின் மறுபடி ஏறும் அழுத்தம் வேறு. முதலாவது வெயிலாலும் வரும். இரண்டாவது ஒழுக்கு. மச்சானுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.


பண்டாரவளை டீச்சர் எழுதியது:

மஸ்கெலியா அண்ணன் எழுதியதை வகுப்பில் வாசிக்கப் போகிறேன். எனக்கு வேறொரு கவலை. எங்கள் பக்கம் மலைக்கடியில் சுரங்கம் தோண்டிய காலத்தில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றியது. அப்பா கட்டிய கிணறு, இருபத்திரண்டு முழம். 1980களின் வரட்சியிலும் அடியில் இரண்டு முழம் தண்ணீர் இருந்தது. ஒரு மாதத்துக்குள் வாளி கல்லில் முட்டியது, சுவரில் விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. அதன் பிறகு பவுசரில் தண்ணீர் வாங்கி எத்தனை வருஷம். நாளைக்கு யாராவது இந்த மலைக்குள்ளும் கேஸ் வைக்கலாம் என்று வந்தால்? மன்னார்க் கடலில் 2011இல் கேஸ் கண்டுபிடித்தார்கள் அல்லவா, கரைக்கு வந்தால் எங்காவது வைக்கத்தானே வேண்டும்?


மஸ்கெலியா பிட்டர் எழுதியது:

டீச்சர், நம் மலைநாட்டில் 1171 சொல்லும் வகைக்கு இடமில்லை. நம்முடையது உருமாறிய பழைய கருங்கல், துளையுள்ள மணற்கல்லில் கேஸ் தீர்ந்த களம் இங்கே கிடையாது, உப்புப் படுகையும் கிடையாது. ஆனால் கருங்கல்லைக் குடைந்து குகையாக்கி வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் அப்படித்தான் 60,000 தொன் சமையல் எரிவாயு வைக்கும் குகை இருக்கிறது. அங்கே குகைக்கு இரும்பு உறை இல்லை. சுற்றிலும் கல்லின் வெடிப்புகளில் நிற்கும் நிலத்தடி நீர் உள்ளே அழுத்தி, கேஸை வெளியே விடாமல் பிடிக்கிறது. நீர்தான் மூடி. ஆகவே மேலிருந்து துளை போட்டுத் தண்ணீரையும் ஊட்டிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் கிணற்றுக்கு நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் வெடிப்பு வழியாக எங்கே ஓடும் என்று தெரியாத மலையில், தண்ணீரையே மூடியாக நம்ப முடியாது. யாராவது அப்படி ஒரு யோசனையோடு வந்தால், ஊரிலுள்ள எல்லாக் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஒரு வருஷமாவது அளந்த கணக்கைக் காட்டு என்று கேளுங்கள். அப்பாவின் கிணற்று அளவு, வற்றிய மாதம், எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

பழைய துளைகளையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து ஹட்சின்சன் நகரில் 2001 ஜனவரி 17இல் கடைத்தெருவில் திடீரென்று வெடித்தது. கேஸ் வந்தது பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த உப்புக் குகைச் சேமிப்பிலிருந்து. கிணற்றுக் கேசிங்கில் ஓட்டை, அங்கிருந்து பாறை அடுக்கு வழியாகப் போய், உப்புநீர் எடுக்க முன்னொரு காலத்தில் தோண்டிக் கைவிட்ட கிணறுகள் வழியாக மேலே வந்திருக்கிறது. மறுநாள் நடந்த இன்னொரு வெடிப்பில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் கைவிட்ட கிணறுகள் தங்களுக்கடியில் இருப்பது அங்கே வசித்தவர்களுக்கே தெரியாது.


ஊவாமலையான் எழுதியது:

அண்ணே, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை மாமிக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். பதினொரு நாள் கதை வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "நீ வாய் திறப்பாயா?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் மூன்று கேள்வியையும் ஏஜென்சி மூலமாகக் கம்பெனிக்கு அனுப்பினோம். நான்கு நாளில் பதில் வந்தது. கேஸ் டியூபிங்கில் மட்டும்தான் போகிறதாம், கேசிங்கின் தடிப்பைப் பார்த்த வருஷத்தையும் எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து யார் சோதிக்க வருகிறார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதை மறுபடி கேட்டிருக்கிறோம், அது வரும்வரை பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனால் அவன் முதல் நாளிலிருந்து எதைக் கவனிக்க வேண்டும்?


மஸ்கெலியா பிட்டர் எழுதியது:

பாஸ்போர்ட் விஷயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி, அந்தப் பதில் கட்டாயம் வேண்டும்.

போனால், சொந்தமாக ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பெனிப் புத்தகம் வேறு, அது வேறு. கேஜ் எண்ணோடு மணியையும் வெயிலா நிழலா என்பதையும் எழுதட்டும், தினமும் ஒரே நேரத்தில் பார்க்கட்டும். அங்கே காலை ஆறு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் ஒரே கிணற்றில் முள் வேறு வேறு இடத்தில் நிற்கும். வால்வைத் திறந்து இறக்கினால் எத்தனை நிமிஷம் பிடித்தது, மறுநாள் எவ்வளவு ஏறியது, இரண்டையும் எழுத வேண்டும். "சரி" என்ற சொல்லை அந்தக் கொப்பியில் எழுதவே வேண்டாம், எண்ணை மட்டும் எழுதட்டும்.