1895 காலத்து இங்கிலாந்து கால்பந்து மைதானம்: அளவு வரைபடத்துக்கு என்னென்ன வேண்டும்?

கோட்டுச்சட்டம்:
பள்ளிக் கண்காட்சிக்காக 1895 வாக்கிலான ஒரு இங்கிலாந்து லீக் மைதானத்தை 1:200 அளவில் வரைய வேண்டும். குறிப்பிட்ட ஒரே மைதானம் என்றில்லை, அக்காலத்துக்குப் பொருந்தினால் போதும். களக் கோடுகள், கேலரி, நுழைவாயில், உடை மாற்றும் அறை எல்லாம் எப்படி இருந்தன? இன்றைய படத்தில் எவற்றை அழிக்க வேண்டும்?

புல்தரை:
களத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் தவறுவது அங்கேதான். இன்றைய பெனால்டி கட்டமும் கோல் முன் உள்ள செவ்வகமும் 1902-ல் வந்தவை. அந்தக் கட்டத்துக்கு வெளியே தெரியும் வளைவு 1937-ல் வந்தது. மூன்றையும் அழித்துவிடுங்கள். பெனால்டிப் புள்ளியும் கிடையாது.

அவற்றுக்குப் பதிலாக, கோல் கோட்டிலிருந்து 12 கஜத்தில் களத்தின் முழு அகலத்துக்கும் ஒரு நேர்கோடு போடுங்கள். 1891-ல் பெனால்டி விதி வந்தபோது பிறந்த கோடு இது. அதற்குள் பெனால்டிக்குரிய தவறு எங்கே நடந்தாலும், பக்கவாட்டுக் கோட்டருகே நடந்தாலும்கூட, பெனால்டிதான். பந்தை அந்தக் கோட்டில் எந்த இடத்தில் வைத்தும் உதைக்கலாம். மற்ற ஆட்டக்காரர்கள் பந்துக்கு 6 கஜம் பின்னால் நிற்க வேண்டும் என்பதால் 18 கஜத்தில் ஒரு புள்ளிக்கோடு வரும். கோல் முன்னே, ஒவ்வொரு கம்பத்தையும் மையமாக வைத்து 6 கஜ ஆரத்தில் இரண்டு வில் வரையுங்கள். இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்ளும்.

110 x 70 கஜக் களம் என்றால் உங்கள் தாளில் 50.3 x 32 செ.மீ. 12 கஜம் 5.5 செ.மீ., 18 கஜம் 8.2 செ.மீ., 6 கஜம் 2.7 செ.மீ. கோல் 8 கஜ அகலம், 8 அடி உயரம். தாளில் 3.7 செ.மீ., 1.2 செ.மீ. கம்பங்கள் உருண்டை அல்ல, சதுரமாக வெட்டிய மரம். வலை கட்டாயம் போடுங்கள். லிவர்பூல் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி உருவாக்கிய வலையை 1891 ஜனவரியில் நாட்டிங்ஹாமில் சோதித்தார்கள். 1892 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கால்பந்து சங்கக் கோப்பை) இறுதி ஆட்டத்திலும் அது இருந்தது. 1895-ல் வலையில்லாத கோல் காலத்துக்கு ஒவ்வாது.

சாம்பல்மேடு:
மேலே சொன்னது முழுக்கச் சரி. கட்டடப் பகுதிக்கு நான்.

அக்கால மைதானத்தைக் கட்டடமாக நினைக்காதீர்கள், மண்வேலையாக நினையுங்கள். பெரும்பான்மைக் கூட்டம் நின்றது மேட்டில்தான். மண், இடிபாடு, நிலக்கரிச் சாம்பல் எனக் கிடைத்ததைக் கொட்டி உயர்த்தி, மேலே சாம்பலைப் பரப்பி, படிகளின் முகப்பில் பலகையோ பழைய ரயில் கட்டையோ வைத்து ஆணியடித்த மேடு. மழையில் சாம்பல் கரைந்து ஓடும், கட்டை உளுக்கும், படி சரிவாகிவிடும். பின்னால் நிற்பவர் சாய்ந்தால் முன்வரிசை வரை அழுத்தம் போய்ச் சேரும். இடையே தாங்க இரும்புத் தடுப்புகளை முறையாக அமைப்பது பின்னர் வந்த பழக்கம். ஆகவே உங்கள் மேட்டில் வரிசையாகத் தடுப்பு வரையாதீர்கள். களத்தைச் சுற்றி மட்டும் மரக்கம்பமும் குறுக்குச் சட்டமும் போதும்.

அளவுக்கு மாதிரி வேண்டுமென்றால் லிவர்பூல் நகரச் சங்கமான எவர்டனின் குடிசன் பார்க் மைதானம். முந்தைய மைதானமான ஆன்ஃபீல்டில் வாடகைத் தகராறு முற்றி வெளியேறிய சங்கம், 1892 ஆகஸ்ட் 24 அன்று இதைத் திறந்தது. தலா 4,000 பேருக்கு இரண்டு கூரையில்லாக் கேலரிகள், 3,000 பேருக்கு ஒரு கூரையிட்ட கேலரி. மூன்றுக்கும் சேர்த்து 1,640 பவுண்டு. கூரைக் கேலரியைப் பக்கவாட்டுக் கோட்டின் நடுவில் வைத்து, முன்விளிம்பில் தூண்களைத் தவறாமல் காட்டுங்கள். தூண் மறைப்பது அக்காலக் கேலரியின் இயல்பு.

சில மைதானங்களில் களத்துக்கும் கேலரிக்கும் நடுவே சைக்கிள் பாதை ஓடியது. 1897-ல் திறந்த, பர்மிங்காமின் வில்லா பார்க்கில் இருந்தது. கிளாஸ்கோவின் செல்டிக் பார்க்கில் அதே ஆண்டு உலக சைக்கிள் போட்டியே நடந்தது. பாதை வரைந்தால் மேடு அந்த அளவுக்குப் பின்வாங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கோட்டுச்சட்டம்:
மிக்க நன்றி. மேட்டுக்குப் பதிலாக உயரமான மரப்படி வரையலாமா? படத்தில் எடுப்பாக இருக்கும். நுழைவாயில் எத்தனை?

சாம்பல்மேடு:
வரையலாம், ஆனால் அதன் கதி தெரிந்து வரையுங்கள். கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் பார்க்கில் 1899-ல் ஆர்ச்சிபால்ட் லீச் அப்படித்தான் வடிவமைத்தார்: எஃகுச் சட்டகம், மேலே மரப்பலகைப் படிகள். 1902 ஏப்ரல் 5, ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். நெரிசலின் கனத்தில் மேற்குப் பக்க மரப்படிகளின் மேற்பகுதிப் பலகைகள் முறிந்து, மக்கள் சுமார் 40 அடி கீழே விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மண்மேட்டில் படி உடைந்தால் கால் இடறும். அடியில் வெற்றிடம் இருந்தால் உயிர் போகும். அதன் பிறகு பெருங்கூட்டத்துக்கு மண்மேடே நிலைத்தது. உங்கள் படத்திலும் மேடே இருக்கட்டும் என்பேன்.

ஆறுபென்னி:
வாயிலுக்கு வருகிறேன். குடிசனில் தொடக்கத்தில் வாங்கியவை 12 சுழல்வாயில்கள் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் தடுப்புகள்), ஒன்று 7 பவுண்டு 15 ஷில்லிங். மொத்தம் 93 பவுண்டு. 1890 முதல் லீக்கின் குறைந்தபட்சக் கட்டணம் 6 பென்ஸ். ஒரே வெள்ளிக்காசு, சில்லறை தர வேண்டாம், வரிசை வேகமாக நகரும். அப்படியும் இன்றைய பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு வாயிலுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடுவதில்லை. 12 வாயிலில் மணிக்கு 7,920 பேர், 20,000 பேர் நுழைய இரண்டரை மணி நேரம். அதனால் வாயில்களை ஒரே மூலையில் குவிக்காமல் இரண்டு மூன்று பக்கம் பிரியுங்கள். காசு கொடுக்காதவர் எட்டிப் பார்க்காதபடி சுற்றிலும் உயரமான பலகை வேலி கட்டாயம்.

உடை மாற்றும் அறை மைதானத்துக்குள் இருந்தே தீர வேண்டும் என்றில்லை. ஆன்ஃபீல்டு காலத்தில் எவர்டன் சாண்டன் ஹோட்டலில்தான் உடை மாற்றியது. கழிப்பிடம் என்றால், ஆண்களுக்குக் கூரையில்லாச் சுவரும் கால்வாயும் போதும் என்ற காலம். மேட்டின் பின்புறம் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

புல்தரை:
ஒன்று விட்டுப்போனது. விளக்குக் கம்பம் வைக்காதீர்கள். ஷெஃபீல்டு பிராமல் லேனில் 1878 அக்டோபர் 14 அன்று 30 அடி மரக் கோபுரங்களில் நான்கு மின்விளக்குகள் வைத்து ஆடிப் பார்த்தார்கள்தான். ஆனால் விளக்கொளியில் முதல் லீக் ஆட்டம் நடக்க 1956 ஆகிவிட்டது. உங்கள் மைதானத்தில் குளிர்கால ஆட்டம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும்.