டெல்டாவிலிருந்து சீஸ்மாலஜி (நிலநடுக்கவியல்) ஆராய்ச்சிக்கு வெளிநாடு வந்திருக்கீங்களா? காண்ட்ராக்ட், டேட்டா, களவேலை பற்றி

மன்னை_மணி:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம். ஜெர்மனியில் சீஸ்மாலஜி பிஎச்டிக்குச் சேர்ந்திருக்கிறேன். 3 வருஷ காண்ட்ராக்ட், 65 சதவீதம். தீசிஸில் ஒரு சாப்டரை நம்ம காவிரி டெல்டாவை வைத்துப் பண்ண ஆசை. முதல் வருஷத்தில் எதைக் கெட்டியாகப் பிடிக்கணும்? பேராசிரியர் வேலை வரை போகிற பாதை எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, சம்பளம் எந்தப் பணத்துல இருந்து வருது, டேட்டா யார் கையில இருக்கு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம தீசிஸ் தலைப்பைத் தொடாதீங்க. இந்தத் துறையில பாதியில நிக்கிற பிஎச்டிக்குக் கணக்கு வராதது காரணமா இருக்கிறது கம்மி. புராஜெக்ட் பணம் தீர்ந்திருக்கும், இல்லேன்னா கருவி சுங்கத்துல மாட்டியிருக்கும்.

65 சதவீதம்னா டிவி-எல் ஈ13 (ஜெர்மன் மாநில அரசு ஊழியர் சம்பளப் பட்டியல்ல ஒரு நிலை) சம்பளத்துல 65 சதவீதம். பேப்பர்ல வேலை நேரமும் அவ்வளவுதான், நடப்புல முழு நேரம். அதுல சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. உங்க காண்ட்ராக்ட் முடியிற தேதியும் புராஜெக்ட் பணம் முடியிற தேதியும் ஒண்ணான்னு முதல் மாசமே கேளுங்க. 3 வருஷத்துல எழுதி முடிக்கிறது அபூர்வம். மிச்ச 6 மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ பணம் எங்கேன்னு சூப்பர்வைசர் வாயால சொன்னாப் போதாது, மெயில்ல வரணும்.

ஜெர்மன் சட்டப்படி யுனிவர்சிட்டியில தற்காலிக வேலைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு: பிஎச்டிக்கு முன்னால 6 வருஷம், பின்னால 6 வருஷம். பிஎச்டியைச் சீக்கிரம் முடிச்சா மிச்சமான காலம் பின்னால சேரும். அதனால "இன்னும் ஒரு வருஷம் இழுத்து நல்லாப் பண்ணலாம்"ங்கிறது பார்க்கிற அளவுக்கு இலவசம் இல்லை.

ஸ்டைபெண்டா (உதவித்தொகை), காண்ட்ராக்டாங்கிறது பெரிய வித்தியாசம். காண்ட்ராக்ட்னா வேலையில்லா காப்பீட்டுக்கும் பிடிப்பாங்க. கடைசி 30 மாசத்துல 12 மாசமாவது கட்டியிருந்தா, வேலை முடிஞ்சதும் அந்தப் பணம் கேட்கலாம். ஆனா காண்ட்ராக்ட் முடிய 3 மாசம் முன்னாடியே வேலை தேடுறவரா பதிவு செஞ்சிருக்கணும், தவறினா பிடித்தம் உண்டு. ஸ்டைபெண்ட் வாங்குறவங்களுக்கு இந்த வழியே இல்லை. விசா நிலைமையையும் அதே நேரத்துல வெளிநாட்டவர் அலுவலகத்துல பேசிடுங்க.

வந்த உடனே: வீடு மாறின 2 வாரத்துக்குள்ள அன்மெல்டுங் (முகவரிப் பதிவு). அதுக்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும், வாடகை ஒப்பந்தம் மட்டும் பத்தாது. அது முடிஞ்சாத்தான் வரி எண் தபால்ல வரும். வரி எண் ஆபீஸுக்குப் போகலேன்னா வரியை 6-ம் வரி வகுப்புல பிடிச்சு, முதல் சம்பளம் பாதியாத் தெரியும். பயப்படாதீங்க, அப்புறம் சரிக்கட்டுவாங்க. மனைவி இன்னும் ஊர்லயே இருந்தா நீங்க 1-ம் வகுப்புதான். அவங்க இங்க வந்து பதிவு செஞ்ச பிறகுதான் மாறும்.

கொள்ளிடம்_வடகரை:
மற்ற நாடுகளில் இருக்கிறவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் 5–6 வருஷம், முதல் இரண்டு வருஷம் பாடம், குவாலிஃபையிங் தேர்வு. சம்பளம் டிஏ (பாடம் நடத்த உதவுவது) அல்லது ஆர்ஏ (ஆராய்ச்சியில் உதவுவது) வேலைக்கு. ஆர்ஏ என்றால் எந்த கிராண்ட், எப்போது முடிகிறது என்று கேளுங்கள். பிரிட்டனில் மூன்றரை முதல் நான்கு வருஷம், நிதி நின்றால் நின்றதுதான். நார்வேயில் நீங்கள் ஊழியர்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று அடித்துவிடுவார்கள். இனிஷியலை ஒரு பேப்பரில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் அப்பா பெயராக விரித்தும் போட்டால், சைட்டேஷன் மூன்று ஆளாகப் பிரிந்துவிடும். முதல் அப்ஸ்ட்ராக்ட் அனுப்புவதற்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவு செய்து ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்துவிடுங்கள்.

குடவாசல்காரன்:
டேட்டா பக்கம் நான் சொல்றேன். முதல் 6 மாசம் கத்துக்க வேண்டியது ஆப்ஸ்பை (நிலநடுக்க டேட்டாவைக் கையாளுற பைத்தான் மென்பொருள்), மினிசீட் (பதிவு ஃபைல் வடிவம்), ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் (கருவி விவர ஃபைல்), அவ்வளவுதான். மெஷின் லேர்னிங் அப்புறம். அலை வந்த நேரத்தைத் தானா பிடிக்கிற ஃபேஸ்நெட்டோ ஈக்யூடிரான்ஸ்ஃபார்மரோ, சீஸ்பெஞ்ச்ங்கிற மென்பொருள் வழியா ஒரு மத்தியானத்துல ஓட்டிடலாம். அது பிடிச்சுக் கொடுத்த பி அலை (முதல்ல வந்து சேர்ற அலை) நேரம் சரியான்னு பார்க்கிற கண்ணு ஒரு மத்தியானத்துல வராது.

அளவு தெரிஞ்சுக்கோங்க: நொடிக்கு 100 சாம்பிள்னா ஒரு சேனலுக்கு ஒரு நாளைக்கு 86.4 லட்சம், மூணு சேனலுக்கு (செங்குத்து ஒண்ணு, கிடை ரெண்டு) 2.592 கோடி. 50 ஸ்டேஷன், ஒரு வருஷம்னா லேப்டாப் ஹார்ட் டிஸ்க் கதை இல்லை. யுனிவர்சிட்டி சர்வர்ல இடமும் பேக்கப்பும் முதல்லயே எழுதி வாங்குங்க.

அதிகமா தப்பு நடக்கிறது கருவியோட ரெஸ்பான்ஸை (தரை அதிர்வைக் கருவி மாத்திப் பதியற விதம்) நீக்குற இடத்துல. டீட்ரெண்ட் (பதிவோட சாய்வை எடுக்கிறது), 5 சதவீத டேப்பர் (ரெண்டு முனையையும் தணிக்கிறது), அப்புறம்தான் ரெஸ்பான்ஸ் நீக்கம். ப்ரீ-ஃபில்டர் (அதிர்வெண் எல்லை) போடாம ஓட்டினா, கருவிக்குக் கேக்காத தாழ் அதிர்வெண்ணை எல்லாம் ஊதிப் பெருக்கி, ரெக்கார்ட் முழுக்க அலையா வரும். பார்க்கிறவங்க ஏதோ பெரிய நிலநடுக்கம்னு நினைப்பாங்க. 120 செகண்ட் பிராட்பேண்டுக்கு (ரொம்ப மெதுவான அதிர்வையும் பிடிக்கிற கருவி), 100 சாம்பிள்ல 0.005, 0.008, 40, 45 ஹெர்ட்ஸ் மாதிரி அந்த ஃபில்டருக்கு நாலு மூலை கொடுக்கலாம். 5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனுக்கு (வேகமான அதிர்வை நல்லாக் கேக்கிற சின்னக் கருவி) அதே எண்ணைப் போட்டா குப்பைதான் வரும்.

எந்த டேட்டாவையும் நம்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. தூரத்துல நடந்த 7-க்கு மேல உள்ள ஒரு நிலநடுக்கத்தை எடுங்க. உங்க ஸ்டேஷன் ரெக்கார்டு, பக்கத்துல உள்ள உலக நெட்வொர்க் ஸ்டேஷன் ரெக்கார்டு, ரெண்டையும் தரை நகர்ற வேகக் கணக்கா மாத்தி 20–50 செகண்ட் அலைநேரத்துல ஃபில்டர் பண்ணி ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க. உயரம் சரியா ரெண்டு மடங்குன்னா மெட்டாடேட்டாவுல கெயின் (பெருக்க அளவு) தப்பு. தலைகீழா இருந்தா போலாரிட்டி (மேல்-கீழ் திசை) தப்பு. செங்குத்து பொருந்தி கிடை சேனல் ரெண்டும் பொருந்தலேன்னா, வைக்கிறப்ப வடக்கைத் தப்பாப் பிடிச்சிருக்காங்க. எல்லாம் பொருந்தி நேரம் மட்டும் தள்ளியிருந்தா கடிகாரம், அது ஜிபிஎஸ்லதான் நேரம் பார்க்கும். ஜிபிஎஸ் ஒயரை எலி கடிச்சிருக்கும், இல்ல ஆன்டெனாவுல தண்ணி.

நேரம்னதும் நினைவுக்கு வருது. எல்லாம் யுடிசிதான் (உலகப் பொது நேரம்). 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் யுடிசி 00:58:53. நம்ம ஊர்ல காலை 6:28. நாகப்பட்டினம் மக்கள் அலையைப் பார்த்த நேரத்தை இந்திய நேரத்துல சொல்லுவாங்க, சீஸ்மோகிராம் யுடிசியில பேசும். ரெண்டையும் ஒரே அட்டவணையில கலந்தா 5 மணி 30 நிமிஷம் எங்க போச்சுன்னு தேட வேண்டி வரும். உள்ளூர் சாட்சியங்களை வச்சு எழுதுறவங்க இதைத்தான் முதல்ல சரிபார்க்கணும்.

மன்னை_மணி:
நன்றி அண்ணா. டெல்டா சாப்டர் பற்றி யாராவது? எந்த மாசம் போகலாம், நோட் கருவிகளை (வயலில் ஊன்றுகிற சின்ன ஜியோஃபோன் பெட்டிகள்) பிளேனில் கொண்டுவரலாமா?

அரசலாறு:
டெல்டா நல்ல தலைப்புதான், ஆனால் "எங்க ஊர்" என்பது கேள்வி ஆகாது. கேள்வி இப்படி இருக்கட்டும்: தடிமனான வண்டல் மேல் உட்கார்ந்திருக்கிற சமவெளியில் அதிர்வு எந்த அதிர்வெண்ணில் பெருகும்? மேலே ஆற்று வண்டல், கீழே கிலோமீட்டர் கணக்கில் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) முதலான படிவம். அதற்கும் கீழே வடகிழக்கு–தென்மேற்காக உயர்ந்தும் தாழ்ந்தும் கிடக்கிற பாறைத் தளம்: பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது உண்டான அமைப்பு இது.

கணக்கு எளிது. அடிப்படை அதிர்வெண் = எஸ் அலை (தரையைக் குறுக்கே ஆட்டும் அலை) வேகம் ÷ (4 × தடிமன்). 30 மீட்டர் வண்டல், வேகம் நொடிக்கு 180 மீட்டர் என்று வைத்தால் 1.5 ஹெர்ட்ஸ். 3,000 மீட்டர் படிவம், சராசரி வேகம் 1,500 என்றால் 0.125 ஹெர்ட்ஸ். முதலாவதை ஜியோஃபோன் நோட் பிடிக்கும். இரண்டாவதற்கு பிராட்பேண்ட் வேண்டும். இதைத் தெரியாமல் 40 நோட் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆழமான படிவம் பற்றி ஒரு வரி எழுத முடியாது. ஹெச்/வி முறைக்கு (கிடை அதிர்வைச் செங்குத்து அதிர்வால் வகுத்துப் பார்ப்பது) 1 ஹெர்ட்ஸ் என்றால் 10 நிமிஷம், 0.2 என்றால் 30 நிமிஷமாவது பதிவு என்பது வழிகாட்டி நூலில் இருக்கிற குறைந்தபட்சம். நடைமுறையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆழத்துக்கான பிராட்பேண்டை இரவு முழுக்க விடுங்கள்.

அங்கே ஏமாற்றுகிற உச்சங்கள் உண்டு. பம்ப்செட் மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுற்று என்றால் 24 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு. 2,880 சுற்று ஓடும் நீர்மூழ்கி மோட்டார் என்றால் 48. மூன்று சேனலிலும் ஒரே இடத்தில் குறுகலாக நின்றால் அது மண் இல்லை, மோட்டார். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தைக் கேட்டு, இல்லாத நேரத்தில் பதிவு செய்யுங்கள். தென்னை மரத்தடி நிழல் இழுக்கும், போகாதீர்கள். காற்றில் மரம் ஆடுவது வேர் வழியே தாழ் அதிர்வெண்ணில் இறங்கும். கோடையில் வெடித்த களிமண் ஓட்டின் மேல் கருவியை வைக்கக் கூடாது, ஓட்டைச் சுரண்டி அடியில் இறுகிய மண்ணில் ஊன்றுங்கள்.

மாசம்: மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி, தை வரை வயலில் தண்ணீர். அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று நினைத்துவிடாதீர்கள். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே முளைத்திருப்பது தூரத்திலிருந்து தெரியாது. மிதித்தால் நஷ்டம் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. ஏப்ரல், மே தோது. வெயில்தான்.

அதைவிட முக்கியம்: வயலில் ஒயரும் பெட்டியும் கொண்டு இறங்குகிற யாரையும் "மீத்தேன்காரங்களா?" என்றுதான் கேட்பார்கள். 2017-ல் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நடந்த நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் இருப்பதில் வியப்பில்லை. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்துவிட்டது. கலெக்டர் அலுவலகத்துக்குக் கடிதம், விஏஓ, ஊராட்சித் தலைவர், நிலத்துக்காரர் என எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழில் ஒரு பக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுங்கள்: குழி போடுவதில்லை, வெடி வைப்பதில்லை, கருவி கேட்பது மட்டும்தான், இத்தனை மணிக்கு எடுத்துவிடுவோம். கம்பெனிப் பெயர் போட்ட தொப்பி, சட்டை எதுவும் வேண்டாம்.

பிளேன்: 100 வாட்-அவர் வரை பேட்டரி பிரச்சினை இல்லை, 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணி கொண்டுவர முடியாது. உதிரி பேட்டரி கைப்பையில்தான். நிறைய நோட் என்றால் ஆபத்துப் பொருள் சரக்காக, ஏடிஏ கார்னே (கருவியைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) போட்டு அனுப்ப வேண்டும். கார்னே பட்டியலில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் ஒன்று மாறினாலும் திரும்பும்போது வம்பு. இதைவிட இந்தியாவில் உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் கருவியையே பயன்படுத்துவது மேல். ஹைதராபாத் என்ஜிஆர்ஐ (தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்), ரூர்க்கி, கரக்பூர், தன்பாத் ஐஐடிகளில் இந்தத் துறை இருக்கிறது. யார் பெயர் பேப்பரில், டேட்டா எங்கே சேமிக்கப்படும், எப்போது வெளியிடலாம் என்பதைக் களத்துக்குப் போகும் முன் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஓஎன்ஜிசி காலத்து ரிஃப்ளெக்ஷன் லைன் (எதிரொலி அலையால் எடுத்த நிலத்தடிப் படம்), கிணற்றுப் பதிவு வேண்டுமென்றால் நேஷனல் டேட்டா ரெபாசிட்டரிக்கு (எண்ணெய், எரிவாயுத் தரவுகளின் அரசுக் களஞ்சியம்) முதல் வருஷமே விண்ணப்பியுங்கள். அது தாமதமானாலும் நிற்காத மாதிரி சாப்டரை அமையுங்கள். என் கருத்தில் டெல்டா மூன்றாவது சாப்டராக இருக்கட்டும். முதல் இரண்டும் ஏற்கனவே சர்வரில் இருக்கிற டேட்டாவில்.

வெண்ணாற்றங்கரை:
அரசலாறு சொன்னதை வழிமொழிகிறேன். பேராசிரியர் பாதை கேட்டீங்க. பிஎச்டி, அப்புறம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தின தற்காலிக ஆராய்ச்சி வேலை) ஒண்ணோ ரெண்டோ, அப்புறம்தான் அசிஸ்டென்ட் புரொஃபசர். முதல் ஆசிரியரா பேப்பர் இருக்கணும். ஜிஜேஐ, பிஎஸ்எஸ்ஏ, எஸ்ஆர்எல், ஜேஜிஆர் இதழ்கள் எல்லாம் மதிப்புள்ளவை. பணம் கட்டாம எல்லாரும் படிக்கிற மாதிரி வேணும்னா சீஸ்மிகா. வியன்னாவுல ஈஜியு மாநாடு வசந்த காலத்துல, அப்ஸ்ட்ராக்ட் ஜனவரியில. அமெரிக்காவுல ஏஜியு மாநாடு டிசம்பர்ல, அப்ஸ்ட்ராக்ட் கோடையிலயே. அமெரிக்க விசா அப்பாயின்ட்மென்ட் அதைவிட முன்னாடி பார்க்கணும்.

மேரி கியூரி (ஐரோப்பிய ஒன்றிய நிதி) போஸ்ட்டாக் குறி வச்சா ஒரு விதி: கடைசித் தேதிக்கு முந்தின 36 மாசத்துல, போகப்போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில பிஎச்டி முடிச்ச கையோட ஜெர்மனிக்கே போட முடியாது. அதனால கான்ஃபரன்ஸ்ல வேற நாட்டு ஆள்களோட பேசி வைக்கிறது சம்பிரதாயம் இல்லை, தேவை.

அமெரிக்காவுல டெனூர் டிராக் (நிரந்தரமாகிற வாய்ப்புள்ள ஆசிரியர் வேலை)னா 6-வது வருஷம் வாக்கில் தீர்ப்பு. விளம்பரம் பெரும்பாலும் ஆகஸ்ட்–நவம்பர். ரிசர்ச் ஸ்டேட்மென்ட், டீச்சிங் ஸ்டேட்மென்ட், 3 சிபாரிசுக் கடிதம். மூணாவது கடிதம்தான் எல்லாருக்கும் இடிக்கும். சூப்பர்வைசர் குழுவுக்கு வெளியே ஒருத்தர் உங்க வேலையைப் படிச்சிருக்கணும். அமெரிக்க அரசோட நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் வேலைகள் பெரும்பாலும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு. மறுகாப்பீடு, பேரிடர் மாடல் கம்பெனிகள் சீஸ்மாலஜி ஆளை எடுக்கும், சம்பளமும் கூட. அதைத் தோல்வின்னு நினைக்கிற வழக்கம் நம்மாட்கள்கிட்ட இருக்கு, வேண்டாத வழக்கம்.

இந்தியா திரும்பணும்னா இன்ஸ்பையர் ஃபேக்கல்டிக்கு (மத்திய அரசோட இளம் ஆய்வாளர் திட்டம்) பொதுவா வயசு வரம்பு 32. இப்ப உங்க வயசுல இருந்து கூட்டிப் பாருங்க, பிஎச்டி எந்த மாசம் முடியணும்ங்கிறது தானா தெரியும்.