பில்டர் காபி குடிச்சே வளர்ந்தவங்க புரூ பார்ல என்ன கேட்டு வாங்கணும்?

மாயவரத்து அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகுது. தெருமுனையில ஒரு காபிக் கடை, பேர் வேண்டாம், உள்ள மெஷினுக்குப் பக்கத்துலயே தனியா ஒரு நீள மேடை போட்டு புரூ பார்னு எழுதி வச்சிருக்காங்க. தராசு, கொக்கு கழுத்து மாதிரி மூக்கு வச்ச கெட்டில், கண்ணாடிப் புனல்னு வரிசையா இருக்கும். போன சனிக்கிழமை போய் போர் ஓவர்னு ஒண்ணு வாங்கினேன், 280 ரூபாய். அந்தப் பையன் 15 கிராம் கொட்டைய நிறுத்து அப்பவே அரைச்சு, பேப்பர சுடுதண்ணில நனைச்சு அந்தத் தண்ணியக் கீழ கொட்டிட்டு, அப்புறம் பொடியப் போட்டு வட்டம் வட்டமா ஊத்தினான். மூணு நிமிஷம் அவன் கண்ணு தராச விட்டு நகரவே இல்ல. அவ்ளோ சிரத்தை.

வாயில வச்சா ஒரே புளிப்பு, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச டீ மாதிரி தண்ணியா இருந்துச்சு. கூட்டம் வேற, ஒண்ணும் சொல்லத் தோணாம பாதிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். கப்ப எடுக்க வந்தவன் முகம் வாடிப் போச்சு. முப்பது வருஷமா டிகாக்‌ஷன் இறக்குறவ நான், போட்டுக் குடுத்த காபிய ஒருத்தர் பாதில வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதான் மனசு உறுத்திட்டே இருக்கு. ஊருக்குப் போறதுக்குள்ள இன்னொரு தடவ போய் ஒழுங்கா குடிக்கணும். அந்தப் புளிப்பு இருக்க வேண்டியதுதானா இல்ல போடுறதுல தப்பா? பால் சர்க்கரை கேக்கலாமா? என்ன சொல்லி வாங்கணும்?

பசவனகுடி பரத்

அம்மா, மொதல்ல ஒரு விஷயம், நீங்க பாத்தது உங்களுக்குப் புதுசே இல்ல. நம்ம பித்தளை பில்டரும் பொடி மேல சுடுதண்ணி ஊத்தி தானா சொட்ட விடுறதுதான, அங்க தகட்டு ஓட்டை, இங்க பேப்பர், அவ்ளோதான். 1908-ல மெலிட்டா பென்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் அம்மா காபில மண்டி வருதேன்னு பையனோட நோட்டுல இருந்த மை ஒத்துற தாள எடுத்து வடிகட்டினதுலதான் இந்தப் பேப்பர் கதையே ஆரம்பிச்சுது. நீங்க பாத்த கண்ணாடிப் புனல் வி60-யா இருக்கும், ஜப்பான்ல ஹாரியோ கம்பெனி பண்றது, 60 டிகிரி கோணம், அதான் அந்தப் பேர். உங்களுக்குத் தண்ணியா தெரிஞ்சதுக்குக் காரணம் ரெண்டு. பேப்பர் எண்ணெயையும் தூளையும் பிடிச்சு வச்சுக்கும், நம்ம தகடு அதெல்லாத்தையும் கீழ விட்டுடும். அப்புறம் அளவு, நாம கெட்டியா இறக்கிப் பால்ல கலக்குறோம், இவங்க 15 கிராமுக்கு 240 மில்லி தண்ணி விட்டு அப்படியே குடிக்கத் தர்றாங்க.

புளிப்பு விஷயம், கொட்டைய இவங்க லேசாத்தான் வறுப்பாங்க, பழத்துல இருந்த புளிப்பெல்லாம் அதுல மிஞ்சி நிக்கும். நம்ம ஊர்ல கருக வறுத்து சிக்கரியும் சேர்க்குறதுனால அந்தப் பக்கம் நம்ம நாக்கு போனதே இல்ல.

அடுத்த தடவ மேடைக்கு நேரா நின்னு அந்த மொத ஊத்தலப் பாருங்க. 30, 40 கிராம் தண்ணிதான் விடுவாங்க, பொடி அப்படியே பணியாரம் மாதிரி உப்பி மேல எழும்பி, நடுவுல குமிழி குமிழியா வெடிச்சு, அப்புறம் மெதுவா அமுங்கும். வறுக்குறப்ப கொட்டைக்குள்ள மாட்டின கார்பன் டை ஆக்ஸைடு வெளிய போற நேரம் அது, போகலேன்னா தண்ணி உள்ள இறங்காது. அரை நிமிஷம்தான், ஆனா அந்த வாசனைக்கே நான் காசு குடுப்பேன்.

இன்னொண்ணு, ஆறவிட்டுக் குடிங்க. நாம டபரால ஆத்தினாலும் சூடு போகாமத்தான் குடிப்போம், இது அப்படி இல்ல, சூட்டுல ஒண்ணும் தெரியாது, வெதுவெதுப்புக்கு வந்தப்புறம்தான் இனிப்பு தெரியும்.

கோவை செல்வம்

பரத் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனா எல்லாத்தையும் அம்மா நாக்கு மேல போட்டுடக் கூடாதுங்க. தப்பா போட்ட காபியும் புளிக்கும். தண்ணி பொடிக்குள்ள போனா மொதல்ல கரையறது புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியா கசப்பு. அரவை ரொம்ப கொரகொரன்னு இருந்தாலோ தண்ணி சூடு பத்தலேன்னாலோ புளிப்போட நின்னுடும். 92-ல இருந்து 96 டிகிரி வரைக்கும் சூடு வேணும். கண்டுபிடிக்கிறது ஈசிங்க, நல்ல புளிப்புன்னா கமலா ஆரஞ்சு மாதிரி, வாய் ஊறும், முழுங்கினப்புறம் ஒரு இனிப்பு நிக்கும். கெட்ட புளிப்புன்னா பச்ச மாங்கா பிஞ்சக் கடிச்ச மாதிரி சுள்ளுன்னு ஏறிட்டு பின்னாடி ஒண்ணுமே இருக்காது. ரெண்டாவது வகைன்னா தைரியமா சொல்லுங்க, 280 ரூபாய் குடுத்திருக்கீங்க, நல்ல கடைன்னா வேற போட்டுத் தருவாங்க. பேசாம எந்திரிச்சு வந்தா அந்தப் பையனுக்கும் என்ன தப்புன்னே தெரியாமப் போயிடுமே.

பால் கேக்குறதுல தப்பே இல்லீங்க, ஆனா இந்தக் காபி பால தாங்காது, பால் வேணும்னா எஸ்பிரெஸ்ஸோல, அதான் மெஷின்ல அழுத்திக் கெட்டியா இறக்குறதுல, போட்டது வாங்கிக்கங்க. சர்க்கரை உங்க இஷ்டம். புளிப்பே ஆகாதுன்னா மான்சூன்ட் மலபார் இருக்கான்னு கேளுங்க. அந்தக் காலத்துல கப்பல்ல ஐரோப்பா போற மாசக்கணக்கான பயணத்துல உப்புக்காத்து பட்டு ஊறி வெளுத்துப் போன கொட்டை, அங்க அந்த ருசியே பிடிச்சுப் போச்சு, இப்ப மேற்குக் கரையில பருவமழைக் காத்துல வேணும்னே அப்படி ஊற வைக்கிறாங்க. புளிப்பு ரொம்பக் கம்மி, நல்ல கனமா இருக்கும். அத ஏரோபிரஸ்ல, அதான் கையால அழுத்தி இறக்குற குழாய் மாதிரி ஒண்ணு, அதுல போடச் சொன்னா நம்ம வாய்க்குப் பக்கத்துல வரும்.

ஏற்காடு மலைக்காரன்

எங்களுக்கு ஏற்காட்டுல மூணு ஏக்கர், அப்பா காலத்துல இருந்து காபி மிளகு. மெனு அட்டையில வாஷ்டு, நேச்சுரல்னு போட்டிருப்பாங்களே, அது என்னன்னு எங்க களத்துல இருந்து சொல்றேன். வாஷ்டுன்னா பழத்த பறிச்ச அன்னைக்கே பல்ப்பர்ல விட்டு தோல உரிச்சு, வழவழப்பு போற வரைக்கும் தொட்டில ஒரு நாள் ஒன்றரை நாள் ஊறப் போட்டு, கழுவிக் காயவைக்கிறது. ருசி தெளிவா இருக்கும், புளிப்பும் அதுலதான் பளிச்சுன்னு தெரியும். நேச்சுரல்னா பழத்தோடவே முழுசா காயவைக்கிறது, ரெண்டு மூணு வாரம் ஆகும், நாள் பூரா கிளறி விட்டுட்டே இருக்கணும், விட்டா பூசணம். அந்த நாள்ல களத்துப் பக்கம் வந்தா பலாப்பழம் உரிச்சு வச்ச மாதிரி மணக்கும், கப்லயும் அந்தப் பழவாசனை வரும். மேடத்துக்குப் புளிப்பு ஆகலேன்னா நேச்சுரல் கேட்டுப் பாருங்க.

ரகம் எஸ் 795-னு இருந்தா அதையும் எடுங்க, 1940-கள்ல கர்நாடகாவுல பாலெஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்தது, எங்ககிட்டயும் அதான் அதிகம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்து போன வருஷம் எத்தன செடிய வேரோட பிடுங்கி எரிச்சோம்னு நினைச்சா இன்னும் வயிறு எரியுது. ஆறு கிலோ பழம் பறிச்சா ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். அதுலயும் பழுத்தத மட்டும் பாத்துப் பறிக்கிற கூலி தனி. அதனால அட்டையில எஸ்டேட் பேர் போட்டு விக்கிற கடையப் பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கும், முன்னாடியெல்லாம் எங்க கொட்டை மூட்டையில ஏறினப்புறம் எங்க போச்சுன்னே தெரியாது.

பசவனகுடி பரத்

ஒண்ணு விட்டுட்டேன் அம்மா. 2016-ல உலக புரூவர்ஸ் கப்னு காபி போடுற போட்டில ஜெயிச்ச டெட்சு கசுயான்னு ஒரு ஜப்பான்காரரோட முறை இருக்கு, நாலு ஆறுன்னு சொன்னாலே பையனுக்குப் புரியும். 20 கிராம் பொடி, 300 மில்லி தண்ணி, அத அஞ்சா பிரிச்சு ஊத்துறது. மொத ஊத்தல் 50, ரெண்டாவது 70-னு விட்டா இனிப்பு தூக்கலா வரும், திருப்பி விட்டா புளிப்பு தூக்கும். இனிப்பு தூக்கலா வேணும்னு சொல்லுங்க போதும். காலைல பதினொரு மணி வாக்குல போங்க, கூட்டம் இருக்காது, பேசுவாங்க.

மாயவரத்து அம்மா

இன்னைக்குப் போயிட்டு வந்தேன். அதே பையன்தான். அன்னைக்குப் பாதில வச்சுட்டுப் போனது நான்தான் தம்பி, உன் மேல தப்பில்ல, எனக்கு அந்தப் புளிப்பு பிடிபடலன்னு சொல்லிட்டேன், சொன்னதும் அவனுக்கு அவ்ளோ நிம்மதி. அன்னைக்கு அரவை மாத்தினாங்களாம், அவனும் அப்புறம் குடிச்சுப் பாத்து சரி பண்ணினானாம். நேச்சுரல் ஒண்ண நாலு ஆறு முறையில போட்டுத் தந்தான். ஊத்துறதுக்கு முன்னாடி பொடிய மோந்து பாக்கக் குடுத்தான், அந்தப் பொடி உப்பி எழும்பினதையும் பக்கத்துல நின்னே பாத்தேன்.

மொத வாய் சூடா, சுமார்தான். கொஞ்சம் ஆறினதும் எடுத்தா, ஏற்காடு தம்பி சொன்ன பழவாசனை நெசமாவே வந்துச்சு, எனக்குப் பலாப்பழமா தெரியல, கொடிமுந்திரி ஊறவச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு, அடியில நாட்டுச்சர்க்கரை இனிப்பு. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன். காலைல எந்திரிச்சதும் எனக்கு என் பில்டர்தான், அதுல மாத்தமில்ல, ஆனா இதுக்கு இன்னொரு நாள் கண்டிப்பா போவேன். நீங்க வீட்ல என்ன பொடி போடுறீங்கன்னு அவன் கேட்டான், பில்லுக்குப் பின்னாடி அளவு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

கோவை செல்வம்

அந்த அளவ இங்கயும் போடுங்கம்மா.

மாயவரத்து அம்மா

பீபெரி, அதான் பழத்துக்குள்ள ஒத்தையா விளையற உருண்டைக் கொட்டை, கால் கிலோ, பிளான்டேஷன் ஏ-னு விக்கிற பெரிய கொட்டை ரகம் கால் கிலோ, சிக்கரி 75 கிராம். கண்ணு முன்னாடி வறுத்து அரைக்கச் சொல்லுங்க, சூடு ஆறுறதுக்கு முன்னாடி டப்பாவ மூடிடாதீங்க, பொடி வேர்த்துப் போகும்.